அழுத்திப் பிடித்தவனும் எண்ணிக்கொண்டிருந்தவளும்

என் மனைவியின் தங்கைக்குப் பட்டறையில் வைத்த பெயர் முணுமுணு. மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றும் மேசையில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவள். சுற்று எண்ணும் கருவி எப்போதோ பல் தேய்ந்து நின்றுவிட்டது. அவள் வாய்தான் கருவி. உதடு அசைந்துகொண்டே இருக்கும். நடுவில் எவனாவது பேச்சுக் கொடுத்தால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள், ஆள் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவான். அறுபத்து நான்கு சுற்று என்றால் அறுபத்து நான்குதான். சுற்று கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று அவள் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி அவளைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் நல்லதாக இருக்காது.

கட்டினவனோடு ஒத்துப்போகாமல் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்னறையை ஒழித்துக் கொடுத்தோம். பட்டறையில் சேர்த்துவிட்டது நான். ஆக, வீட்டிலும் அவள் முகம், வேலையிலும் அவள் முகம். உறவுக்காரன் கூட வேலை பார்த்தால் ஒத்தாசை என்று நினைப்பவர்கள், உறவுக்காரனோடு வேலை பார்த்ததே இல்லை என்று அர்த்தம். நான் டீக்கடையில் எத்தனை நேரம் நின்றேன் என்பது எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

நான் ஹாய்ஸ்ட் ஆள். ஹாய்ஸ்ட் என்றால் மேலே இரும்புத் தண்டவாளத்தில் ஓடுகிற பளுதூக்கி. அதிலிருந்து ஒரு வயர் இறங்கி வரும். நுனியில் பட்டன் பெட்டி. அது என் கையில். காயில் சுற்றி முடித்த மோட்டாரைத் தூக்கி வார்னிஷ் தொட்டிக்குள் இறக்குவேன். குமிழி அடங்கும்வரை ஊறவிட்டு, தூக்கி, வடியவிடுவேன். இதை நாங்கள் முக்கு என்போம். ஒரு மோட்டாருக்கு இரண்டு முக்கு. முதல் முக்கு உள்ளே இறங்கும், இரண்டாவது மேலே மூடும். அதற்கப்புறம்தான் ஓவனில் வைத்துச் சுடவேண்டும். ஒரே முக்கோடு ஓவனுக்குப் போன மோட்டாரும் பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும். ஓட விட்டால் உள்ளே கம்பியோடு கம்பி உரசி, பத்து நாளில் எரிந்து கரியாகும்.

ஒரு முக்குக்கு ஒரு கோடு என்று மோட்டார் உடம்பில் சாக்பீஸால் இழுத்து வைப்பேன். ஓவன் பார்ப்பவன் இரண்டு கோட்டைப் பார்த்தால் உள்ளே தள்ளுவான். அவனுக்கு மோப்பம் என்று பெயர். கதவைத் திறக்காமலே வாசனையை வைத்து வெந்துவிட்டதா இல்லையா சொல்லுவான். அதே மூக்கை அடுத்தவன் விஷயத்திலும் நுழைப்பான். அவன் சட்டைக் கை பட்டு என் கோடு அழிவதும், "ஒண்ணுதான் இருந்துச்சு", "நான் ரெண்டு போட்டேன்யா" என்று நாங்கள் முட்டிக்கொள்வதும் வாரத்துக்கு ஒரு முறை நடக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முணுமுணுவின் கை போனது. வலது மணிக்கட்டு. முதலில் விரல் மரத்தது, பிறகு டம்ளர் நழுவியது, பிறகு கம்பியை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. நரம்பு நசுங்கிவிட்டது, இனி கைப்பிடி சுற்றினால் விரல் மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"சுத்தாம இங்க வேற என்ன வேலை இருக்கு? நீயே சொல்லும்மா" என்றார் முதலாளி.

"சாக்பீஸ் கோடுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல பதியணும்னு ஆள் கூப்பிட்டீங்களே, என்னாச்சு?"

"எங்க? வார்னிஷ் நாத்தத்துல பத்து நிமிஷம் நிக்க முடியாம மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டானுங்க."

"நான் செய்யறேன்."

முதலாளி சிரித்தார். நானும்தான். அவள் சிரிக்கவில்லை. கடைசியில், "சரி, மூணு மாசம். ஓடுச்சுன்னா உனக்கு ஒரு மேசை நாற்காலி. ஓடலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, அப்புறம் உங்க மாமாவை அனுப்பி அழக்கூடாது" என்றார். ஆபீஸ் மூலையில் போர்த்தி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாவது முடித்தவள்தான். ஆனால் இது வேறு படிப்பு. போனில் பாட வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இடது கை ஒற்றை விரலால் தட்டுவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் எட்டிப் பார்ப்பேன். ஆர்வத்தால் அல்ல. என்ன செய்கிறாள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதல்லவா?

முதல் நாள் திரையில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு பட்டன். அழுத்துகிறாள், அழுத்துகிறாள், அது கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

"என்ன, உன் மிஷின் வாயே தொறக்க மாட்டேங்குது?"

"பட்டன் வரைஞ்சேன் மாமா. பின்னாடி கம்பி குடுக்கல."

"கம்ப்யூட்டருக்குள்ள ஏது கம்பி?"

"அழுத்தினா யாரு வந்து வேலை பாக்கணும்னு எழுதி வைக்கணும். நான் எழுதல. அதான் சும்மா நிக்குது."

மறுநாள் தலைகீழ். திரைக் கட்டத்தை அவள் ஜன்னல் என்பாள். ஜன்னல் திறந்த உடனே, யாரும் எதையும் தொடுவதற்கு முன்பே, 'பதிவானது' என்று எழுத்து வந்தது.

"இன்னும் கையே வைக்கல, அதுக்குள்ள ஆச்சுங்குது?"

"அழுத்தினா அவனைக் கூப்பிடுன்னு எழுதறதுக்குப் பதிலா, அவனை இப்பவே கூப்பிடுன்னு எழுதிட்டேன். பேருக்குப் பின்னாடி ரெண்டே ரெண்டு அடைப்புக்குறி கூடப் போட்டுட்டேன் மாமா, அதால வந்த வினை."

வேலை செய்யாமலே செய்துவிட்டேன் என்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது இயந்திரமும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம், மோட்டார் ஊறும் பதினைந்து நிமிடத்தைத் திரையில் காட்டப் பார்த்தாள். பட்டனை அழுத்தினாள். ஜன்னல் வெளுத்தது, அப்படியே உறைந்தது. மூட முடியவில்லை, நகர்த்த முடியவில்லை. முதலாளியின் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல, தெரியுதா?" என்று சொல்லி நகர்ந்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் தானாகவே எழுந்துகொண்டது. பட்டனுக்குப் பதில் சொல்ல வந்தவனைப் பதினைந்து நிமிடம் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டாளாம். அவன் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்கவேண்டியதுதானாம்.

"ஒரே ஆள்தானா உள்ள?"

"ஒரே ஆள்தான். சும்மா உக்காந்து காத்துக்கிட்டே இருப்பான். யாராவது தொட்டாங்களா, விசையைத் தட்டினாங்களா, மவுஸை நகர்த்தினாங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பான். ஏதாவது நடந்தா, அதுக்குன்னு எழுதி வச்சதை டக்குனு செஞ்சிட்டு, மறுபடி போய் உக்காந்துக்கணும். மணியைப் பாக்கணும்னா கடிகாரத்துக்கிட்ட, 'ஒரு செகண்டுக்கு ஒரு தடவை என்னை எழுப்பு'ன்னு சொல்லணுமே ஒழிய, அங்கேயே நிக்கக்கூடாது."

சும்மா உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பவனை நான் வாழ்க்கையில் நம்பியதில்லை. மோப்பமும் அந்த ஜாதிதான். எங்களுக்கு ஒரு மோப்பம் போதாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது, பின்னறையில் கட்டில்மேல் அவள் நோட்டுப் புத்தகம் கிடந்தது. திறந்தது தப்புதான். திறந்தேன். பக்கம் பக்கமாகக் கட்டங்கள் வரைந்திருந்தாள், கோணல் மாணலாக, இடது கை எழுத்து. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'மாமா அழுத்தினால் நேரம் எழுது. மாமா அழுத்தாவிட்டால் மஞ்சள். அரைமணி தாண்டினால் சிவப்பு.'

எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் இருந்த மனைவியிடம் போனேன்.

"உன் தங்கச்சி எனக்கு வேவு பாக்கற மிஷின் செஞ்சுக்கிட்டு இருக்கா, தெரியுமா?"

"ஆமா, நீங்க பெரிய ராஜ ரகசியம் வச்சிருக்கீங்க, வேவு பாக்க" என்றாள் அவள், திரும்பாமலே. "டீக்கடையில ரெண்டு வடை திங்கறது ஊருக்கே தெரியும். அவளுக்குக் கை போயிடுச்சு. நீங்க வாயால மிச்சத்தையும் முடிச்சிடாதீங்க."

இரண்டாம் மாதக் கடைசியில் அதைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மவுஸ் பிடிக்க என் கை லாயக்கில்லை. எப்போதும் வார்னிஷ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் விசைப்பலகைக்குப் பாலிதீன் உறை போட்டு, பெரிய விசை ஒன்றின்மேல் சிவப்பு டேப் ஒட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் கம்பத்தில் கட்டினாள். மற்ற விசைகள் எதற்கும் பதில் வராது. மோட்டாரின் எண்ணை ஆபீஸிலேயே போட்டுவிடுவார்கள். முக்கு முடிந்ததும் நான் சிவப்பை அழுத்தவேண்டும், அவ்வளவுதான் என் படிப்பு. ஒரு முக்கு என்றால் திரையில் மஞ்சள், இரண்டு என்றால் பச்சை. பச்சை வந்தால் மோப்பம் ஓவனுக்குள் தள்ளலாம். இரண்டுக்கு மேல் எண்ணிக்கை ஏறாதபடி பூட்டு வைத்திருந்தாள்.

திரை மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மோப்பத்தைப் பார்த்தபடி இருந்தது.

"அழுத்தறது நான், பாக்கறது அவனா?"

"உங்களுக்குத்தான் எத்தனை முக்குன்னு தெரியுமே மாமா. தெரியாதது அவருக்குத்தானே."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதில் தயாராக வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் கூடும். ஆனாலும் அழுத்தினேன். அழுத்தி வந்தேன். ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. ஒரு மோட்டாரை எடுத்தால் இரண்டு முக்கும் போட்டு முடித்துத்தான் அடுத்ததைத் தொடுவேன். அதுதான் என் வழக்கம். மோப்பத்தோடு சண்டை நின்றுபோனது. முதலாளி அவளுக்கு மேசை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் இறைக்கும் நிலையத்திலிருந்து வந்த பெரிய மோட்டார். முதல் முக்கு முடியவே மணி ஐந்தை நெருங்கிவிட்டது. சிவப்பை அழுத்திவிட்டு, வடியட்டும், திங்கட்கிழமை இரண்டாவது முக்கு போடலாம் என்று தொங்கவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப் பல் வீங்கி, திங்கட்கிழமை அதைப் பிடுங்கப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் மோட்டார் இல்லை. சுட்டு, பூட்டி, வண்டி ஏற்றிவிட்டார்கள். நான் இல்லாதபோது ஹாய்ஸ்ட் பிடிக்க மோப்பத்துக்கும் தெரியும். அவன்தான் இரண்டாவது முக்கைப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கன்னம் வீங்கியிருந்தது, கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மோட்டார் திரும்பி வந்தது. பிரித்ததும் கருகல் வாடை பட்டறை முழுக்கப் பரவியது. முதலாளி காயிலை அறுத்துப் பார்த்தார். உள்ளே மேல்பூச்சே இல்லை, ஒரு முக்குத்தான்.

மோப்பம், "பச்சை இருந்துச்சு முதலாளி, என் அம்மா சத்தியமா" என்றான். முதலாளி ஆபீஸிலிருந்து அச்சடித்த தாளைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தார். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன், எண் பார்த்ததுமே தெரியும். முதல் முக்கு: சனிக்கிழமை நான்கு ஐம்பத்திரண்டு. இரண்டாவது முக்கு: சனிக்கிழமை நான்கு ஐம்பத்திரண்டு.

"ஒரே நிமிஷத்துல ரெண்டு முக்கு போட நான் என்ன மந்திரவாதியா முதலாளி? இது பொய் சொல்லுது."

"அது ஏன்பா பொய் சொல்லப் போவுது? சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போற அவசரம், ஒரு முக்கு போட்டுட்டு ரெண்டு தடவை தட்டிட்டுப் போயிட்டே. அதைத்தான் அது எழுதியிருக்கு."

இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. முணுமுணுவைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை.

"நீ சொல்லேன். உன் மிஷின்தானே?"

"மிஷின்ல தப்பு இருக்கற மாதிரி தெரியல மாமா" என்றாள் மெதுவாக. "நூறு தடவை தட்டிப் பாத்துட்டுத்தான் மாட்டினேன். ஒரு தடவை தட்டினா ஒண்ணுதான் ஏறும்."

அதாவது, நான் திருடன்.

முதலாளி தாளை மடித்துப் பையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். நீ ஏமாத்தினியா, அது ஏமாத்துச்சான்னு எனக்குத் தெரியணும். ஏமாத்தினது யாரோ அவங்க வெளிய." நானா அவளா என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வீட்டில் மூன்று தட்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மனைவி கரண்டியைச் சட்டியில் ஓங்கிப் போட்டாள். "நல்லா இருக்கு! ஒரே வீட்ல ஒருத்தரைப் போகச் சொல்லியிருக்காரு. யாரு போனாலும் இங்கதானே வந்து உக்காரப் போறீங்க? ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசித் தொலைங்களேன்."

"அவளைக் கேளு. எனக்கு எதிரா சாட்சி சொன்னது அவ பெத்த மிஷின்."

"மாமா சனிக்கிழமைன்னா நாலு மணிக்கே செருப்பைத் தேடுவாரு. அது எனக்குத் தெரியும்க்கா" என்றாள் முணுமுணு, தட்டைப் பார்த்தபடி.

எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அவள் தொட்டிப் பக்கம் வந்தாள். சாப்பாட்டு நேரம், பட்டறை காலி. கண்ணாடித் தடுப்பை நகர்த்தி, திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எப்பவும் அழுத்தற மாதிரி அழுத்துங்க மாமா."

"எதுக்கு? இதையும் எழுதி முதலாளிகிட்ட காட்டவா?"

"அழுத்துங்களேன்."

அழுத்தினேன். அழுத்தினால் உடனே கையை எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஹாய்ஸ்ட் பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். நாலு ஆள் எடை கொண்ட இரும்பு தலைக்குமேல் தொங்கும்போது, அது உட்காரும்வரை கட்டைவிரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் பாதியில் நின்று ஊசலாடும், கீழே நிற்பவன் மண்டை போகும். இருபத்து மூன்று வருடமாக என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வேலை முடிந்தது என்று மனதுக்குப் படும்வரை அழுத்திப் பிடிப்பேன். சிவப்பையும் அப்படித்தான்.

திரையில் மஞ்சள் வந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள் பச்சை.

முணுமுணு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுக்கவே மாட்டீங்களா?"

"எதை?"

"விரலை."

"எடுத்தா எப்படி வேலை நடக்கும்?"

அவள் அப்படியே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நான் தட்டித் தட்டித்தான் பாத்தேன் மாமா, இந்த இடது கை விரலால, டொக் டொக்குன்னு" என்றாள். "விசையை அழுத்திப் பிடிச்சா கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினதா சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு எழுத்தைப் பிடிச்சா வரிசையா ஓடுமே, அது மாதிரி. என் எண்ணிக்கை ரெண்டுல பூட்டியிருக்கறதால ரெண்டோட நின்னுடுச்சு. பூட்டாம இருந்தா முப்பது, நாப்பதுன்னு காட்டிக் குடுத்திருக்கும். இத்தனை வாரமா ஒவ்வொரு மோட்டாருக்கும் முதல் முக்குலயே பச்சை வந்திருக்கு. நீங்க ரெண்டையும் முடிச்சிட்டே விட்டதால யாருக்கும் தெரியல."

"ஆக, நான் திருடன் இல்ல."

"இல்ல."

சொல்லிவிட்டு உடனே திரையை அந்தப் பக்கம் திருப்பினாள், போய் உட்கார்ந்தாள், தட்டத் தொடங்கினாள். இப்போதே அதைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது. முதலாளி வந்து பிடித்துப் பார்த்தாலும் ஒன்றுதான் ஏறும். தாளில் இருக்கும் நான்கு ஐம்பத்திரண்டு மட்டும் என் கழுத்தில் தொங்கும். அவளுக்கு மேசை, எனக்குத் தெரு. எனக்குச் சாட்சி யார்? தொட்டியும் வார்னிஷும்தான்.

சாப்பிடவில்லை. கண்ணாடி வழியாக அவளையே பார்த்தபடி நின்றேன். மோப்பம் வந்து, "என்ன மச்சான், கொழுந்தியாளுக்குக் காவலா?" என்றான். "உன் மூக்கை ஓவனுக்குள்ள விடு" என்றேன். ஒற்றை விரல் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். ஒளிந்து நிற்கிற வயதா எனக்கு? ஆனாலும் ஒளிந்துதான் நின்றேன்.

"கொஞ்சம் தொட்டிப் பக்கம் வாங்க முதலாளி" என்றது அவள் குரல். "நீங்களே அழுத்தணும்."

வந்தார். அவள் அந்தச் சிவப்பைக் காட்டி, "அழுத்தி, அப்படியே பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். மஞ்சள். பச்சை.

அவள் எதையும் மாற்றியிருக்கவில்லை.

"ஒரே அழுத்துக்கு ரெண்டு ஏறுது. தப்பு என்னுது. மாமா ஒரு முக்குக்கு ஒரு தடவைதான் அழுத்தியிருக்காரு" என்றாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். ஐந்து வாரப் பதிவையும் தேடி எடுத்திருக்கிறாள். எல்லா மோட்டாருக்கும் இரண்டு முக்கும் ஒரே நிமிடத்தில். "தினமும் எல்லாத்தையும் ஏமாத்தியிருந்தா எல்லா மோட்டாரும் எரிஞ்சிருக்கணும். எரிஞ்சது ஒண்ணுதான்." இத்தனை நேரம் அவள் தட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அப்போ நீதான்மா போகணும். வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம்."

அவள் தலையை ஆட்டினாள். வாதாடவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

"ஒரு வாரம் குடுங்க முதலாளி" என்றேன்.

"நீயா? இதைத் தூக்கிக் குப்பையில போடணும்னு முந்தாநாள் வரைக்கும் குதிச்சது நீதானே?"

"இப்பவும் நான் அதை நம்பல. எனக்கு எதிரா பொய் சாட்சி சொன்ன மிஷின். குறுக்கு விசாரணை பண்ண எனக்கு உரிமை இல்லையா? ஒரு வாரம் நான் சாக்பீஸும் போடறேன், அதையும் அழுத்தறேன். முதல்ல அவ தப்பைத் திருத்திக்கட்டும், கடைசி மூணு நாள்ல ஒரு இடத்துல ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நானே கழட்டிக் குடுத்துடறேன். அவளும் போகட்டும்."

"அவ உன் கொழுந்தியா. நீ கள்ளத்தனமா விட்டுக்குடுக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

முணுமுணுதான் பதில் சொன்னாள். "மாமாவா? விட்டுக்குடுக்கறதா? அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது முதலாளி." முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பிவிட்டார்.

அந்த வாரம் நான் அந்த விசையைப் படுத்தாத பாடு இல்லை. அழுத்தியதும் எண்ணாதே, கையை எடுத்த பிறகு எண்ணு என்று மாற்றியிருந்தாள். முதல் நாளே அழுத்திப் பிடித்தேன்; மறுபடி இரண்டு. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. விரலை எடுக்காமலே எடுத்த மாதிரியும் மறுபடி அழுத்தின மாதிரியும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

"பாத்தியா, அடி வேர்லயே பொய்."

"இருங்க மாமா. எடுத்தேன்னு அது சொன்னதும் நம்பாம, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கச் சொல்றேன். மறுபடி அழுத்தினேன்னு உடனே வந்தா அது பொய்."

நல்லவேளை, சந்தேகப்படக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அது சரியானது. மறுநாள் முழங்கையால் அழுத்தினேன். மோட்டாரே தொங்காதபோது அழுத்தினேன். சமர்த்தாக ஒன்று ஏறியது. நோட்டில் குறித்துக்கொண்டு, ஆபீஸில் எண் போட்டதிலிருந்தோ முதல் முக்கு பதிந்ததிலிருந்தோ பதினைந்து நிமிடம் ஆகாமல் எதையும் ஏற்காதபடி மாற்றினாள். டீக்குப் போகும்போது விசைமேல் ஒரு இரும்பு நட்டை வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் திரையில், 'விரலை எடுங்கள்' என்று எழுத்து.

"விரல் எங்க இருக்கு? நட்டுதான் இருக்கு."

"அதுக்கு எப்படி மாமா தெரியும், நீங்க நட்டா விரலான்னு?"

மோப்பம் விழுந்து விழுந்து சிரித்தான். வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். திரை கறுப்பாகி, 'விசைப்பலகை இல்லை, ஓவனுக்கு அனுப்பாதீர்கள்' என்றது. அதை முந்தின நாளே யோசித்து எழுதியிருக்கிறாள், என் புத்தி எப்படிப் போகும் என்று தெரிந்து. அது எனக்குப் பிடிக்கவில்லை. என்ன குறை சொல்வது என்றும் தெரியவில்லை.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. "ஒரே நேரத்துல ரெண்டு விசையை அழுத்தினா?" "மத்தது செத்த விசை மாமா." "தொட்டியில இறக்கிட்டுப் பாதியில கரண்டு போனா?" அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "அது யோசிக்கலயே." மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "பேசச் சொன்னது என் தப்புதான்" என்றாள்.

அடுத்த புதன்கிழமையோடு வாரம் முடிந்தது. கடைசி மூன்று நாளில் பதினொரு மோட்டார். சாக்பீஸ் கோடும் திரையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போயின. முதலாளி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு நானும் பார்த்தேன்; முதலாளி பார்த்தார் என்பதற்காக விட்டுவிட முடியுமா?

"சொல்லுப்பா. நீதானே விசாரணை பண்ணே. வச்சுக்கலாமா, வேணாமா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். அவள் மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள், வலது கை விரல்கள் பாதி மடங்கியபடி. உதடு அசைந்தது, எதை எண்ணினாளோ.

"தப்புப் பண்ணும்" என்றேன். "ஆனா பண்ணினா இவ மறைக்க மாட்டா. வச்சுக்குங்க."

முதலாளி, ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே நல்ல இடம் இருக்கிறது, அங்கே மேசை போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். வார்னிஷ் நெடியில், தொட்டிக்கு நேர் எதிரே, கண்ணாடித் தடுப்பை ஒட்டி இடம் கேட்டாள். முதலாளிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மேசையை இறக்கி வைத்ததும் கிட்டே போனேன். "என்னை வேவு பாக்கத்தானே இந்த இடம்?"

"ஆமா மாமா" என்றாள். ஒளிக்கக்கூட இல்லை. நாற்காலியை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டு, என் கைக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.